கேப்டன் பாரியும் இரண்டு பெயர் கொண்ட கப்பலும்

பக்குரங்காவில் இருந்து ஆக்லாந்து நகரத்துக்குப் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, பான்மியூர் பாலத்தைத் தாண்டி ரோட்டில் போவது. இன்னொன்று, ஹாஃப் மூன் பேயில் ஃபெரி ஏறிக் கடல் வழியாகப் போவது. இன்றைக்கு நாம் கடல் வழியாகப் போகலாம். வாங்க, மேல்தளத்திலேயே உட்காரலாம். காற்று பலமாக அடிக்கும். ஜாக்கெட்டை மறக்காதீங்க.

ஃபெரி தமாக்கி ஆற்றின் வாயைத் தாண்டுகிறது. வலது பக்கம் இருப்பது மியூசிக் முனை. (பாட்டு கேட்கிற மியூசிக் இல்லை. மியூசிக் என்பது ஒரு விமானியின் பெயர்.) இப்போது இடது பக்கம் பாருங்க. செயின்ட் ஹெலியர்ஸ் பக்கத்தில் ஒரு மேடு, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. மவோரி மக்கள் அதை தே பானே ஓ ஹொரோய்வி என்று அழைக்கிறார்கள். அதற்கு இன்னொரு பெயரும் இருக்கு: அக்கிலீஸ் முனை. அது ஒரு போர்க்கப்பலின் நினைவாக வைத்த பெயர்.

நகரத்தில் இறங்கி வேறு ஃபெரி மாறினால் டெவன்போர்ட் போய்ச் சேரலாம். அங்கேதான் நியூசிலாந்துக் கடற்படையின் தளம் இருக்கிறது. அதன் வாசலில் ஒரு பெரிய இரும்புக் கூடு நிற்கும். அதிலிருந்து இரண்டு நீளமான பீரங்கிக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். கப்பலில் பீரங்கிகளை வைத்திருக்கும் இந்தச் சுழலும் கூண்டுக்கு டரெட் என்று பெயர். இது அதே அக்கிலீஸ் கப்பலின் டரெட்தான்.

ஆனால் இதை ஆக்லாந்தில் யாரும் கழற்றவில்லை. பம்பாயில் கழற்றி, கடல் தாண்டி இங்கே அனுப்பினார்கள். பம்பாய் என்பது இன்றைய மும்பை. ஆக்லாந்துக் கப்பலுக்கு மும்பையில் என்ன வேலை? அதைத் தெரிந்துகொள்ள ஒரு மனிதரின் கதையைக் கேட்கணும். அவர் பெயர் வில்லியம் எட்வர்ட் பாரி.

பாரி என்றதும் உங்களில் சிலர், முல்லைக் கொடிக்குத் தேரைக் கொடுத்தாரே அந்த அரசரா என்று கேட்பீங்க. அவர் இல்லை. சென்னையில் பாரிமுனை என்று ஓர் இடம் இருக்கு. அதற்குப் பெயர் தந்த வணிகரும் இல்லை. இவர் ஓர் ஆங்கிலேயர், கடற்படை அதிகாரி.

பன்னிரண்டு வயதுப் பையன்

பாரி 1893ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி லண்டனில் பிறந்தார். 1905ஆம் ஆண்டு கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். கணக்குப் போட்டுப் பாருங்க. அப்போது அவருக்கு என்ன வயது? பன்னிரண்டுதான்! உங்கள் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு இருக்கிற வயது.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரி ஆக வேண்டும் என்றால் அந்த வயதிலேயே வீட்டை விட்டுப் போகணும். முதலில் ஆஸ்பர்ன் என்ற தீவுப் பள்ளி. பிறகு டார்ட்மத் என்ற ஊரில் இன்னொரு பள்ளி. அங்கே கணக்கு, அறிவியல் எல்லாம் உண்டு. அதோடு கயிறு முடிச்சுப் போடவும், படகு ஓட்டவும், நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை சொல்லவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

பாரி டார்பிடோ வேலையில் தேர்ந்தவர் ஆனார். டார்பிடோ என்பது தண்ணீருக்குள்ளேயே ஓடிப் போய்க் கப்பலைத் தாக்கும் ஆயுதம். முதல் உலகப் போர் 1914இல் தொடங்கி 1918இல் முடிந்தது. இளம் அதிகாரியான பாரி அந்தப் போரில் பணி செய்தார். அதற்குப் பிறகு இருபது வருஷம் பெரிய கடல் போர் எதுவும் இல்லை.

போர் இல்லாத காலத்தில் ஒரு கடற்படை அதிகாரி என்ன செய்வார்? சும்மா இருப்பாரா? இல்லவே இல்லை. படிப்பார், படித்ததைப் பிறருக்குச் சொல்லித் தருவார், மாலுமிகளைப் பழக்குவார். 1936இல் நீர்மூழ்கிக் கப்பல்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கற்றுத் தரும் கடற்படைப் பள்ளி ஒன்றுக்குப் பாரி பொறுப்பாக இருந்தார். இந்தக் கதையின் கடைசிப் பகுதி வரும்போது இதை நினைவு வைத்திருங்க. அவர் வாத்தியார் வேலையும் பார்த்தவர்.

அக்கிலீஸ்

1939 ஜனவரியில் பாரி ஒரு கப்பலுக்கு கேப்டன் ஆனார். அதுதான் அக்கிலீஸ். நியூசிலாந்தின் காவலுக்காக ஆக்லாந்தில் இருந்த கப்பல். நீளம் ஏறக்குறைய 169 மீட்டர். ஒரு ரக்பி மைதானத்தை ஒன்றரை மடங்கு நீட்டினால் எவ்வளவு வருமோ, அதைவிடவும் பெரியது. எட்டுப் பீரங்கிகள் இருந்தன. இந்த வகைக் கப்பலை க்ரூசர் என்பார்கள். ரொம்பப் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. வேகமாக ஓடும். மாலுமிகளில் பாதிக்கு மேல் நியூசிலாந்துக்காரர்கள்.

அக்கிலீஸ் என்பது கிரேக்கக் கதையில் வரும் வீரனின் பெயர். சின்ன வயதில் அவன் அம்மா அவனை ஒரு மாய ஆற்றில் முக்கி எடுத்தாளாம். தண்ணீர் பட்ட இடத்தில் எல்லாம் காயமே படாது. ஆனால் அவள் பிடித்திருந்தது குதிகாலை. அங்கே மட்டும் தண்ணீர் படவில்லை. கடைசியில் அந்தக் குதிகாலில் அம்பு பட்டுத்தான் அவன் இறந்தான். துரியோதனன் கதை கேட்டவர்களுக்கு இது புதுசாகவே இருக்காது. அவனுக்குத் தொடை, இவனுக்குக் குதிகால்.

1939 ஆகஸ்ட் 29. போர் வரும் போல இருந்தது. அக்கிலீஸ் ஆக்லாந்தை விட்டுக் கிளம்பியது. ஐந்தே நாளில், செப்டம்பர் 3ஆம் தேதி, ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் இடையே போர் தொடங்கிவிட்டது. நியூசிலாந்தும் அதில் சேர்ந்தது. அக்கிலீஸ் தென் அமெரிக்காவின் பக்கம் போனது.

அங்கே அட்லாண்டிக் கடலில் கிராஃப் ஸ்பீ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுற்றிக்கொண்டிருந்தது. சரக்குக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடிப்பது அதன் வேலை. மொத்தம் ஒன்பது கப்பல்களை அது பிடித்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகணும். அதன் கேப்டன் லாங்ஸ்டார்ஃப், கப்பல்களை மூழ்கடிக்கும் முன்னால் அதில் இருந்தவர்களை எல்லாம் இறக்கிவிடுவார். அந்த ஒன்பது கப்பல்களில் ஒரு மாலுமிகூடச் சாகவில்லை. எதிரி நாட்டுக்காரர் என்றாலே கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது, இல்லையா?

டிசம்பர் 13, காலை

1939 டிசம்பர் 13. விடிகிற நேரம். உருகுவே, அர்ஜென்டினா என்ற இரண்டு நாடுகளுக்கு நடுவே ரிவர் பிளேட் என்ற அகலமான ஆறு கடலில் சேர்கிறது. அதற்கு வெளியே மூன்று கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன: எக்ஸிட்டர், ஏஜாக்ஸ், அக்கிலீஸ். ஹார்வுட் என்பவர் மூன்றுக்கும் தலைவர். அவர் ஏஜாக்ஸில் இருந்தார்.

காலை ஆறே கால் மணி வாக்கில் தூரத்தில் கொஞ்சம் புகை தெரிந்தது. என்ன கப்பல் என்று பார்க்க எக்ஸிட்டர் திரும்பிப் போனது. அது கிராஃப் ஸ்பீ!

மூன்று பேருக்கு எதிராக ஒருவர். சுலபம்தானே என்று தோன்றுகிறதா? இதைக் கேளுங்க. அக்கிலீஸ் சுடும் ஒரு குண்டின் எடை சுமார் 51 கிலோ. கிராஃப் ஸ்பீ சுடும் ஒரு குண்டு சுமார் 300 கிலோ. அதாவது ஆறு மடங்கு. அதன் பீரங்கி ரொம்ப தூரம் சுடும். சின்னக் கப்பல்கள் கிட்டே போனால்தான் அவற்றின் குண்டு நன்றாகப் படும். கிட்டே போனால் 300 கிலோ குண்டு வரும்.

ஹார்வுட் முன்பே ஒரு திட்டம் சொல்லி வைத்திருந்தார். மூன்றும் ஒரே பக்கம் நிற்கக் கூடாது. எக்ஸிட்டர் ஒரு பக்கம் போகணும், ஏஜாக்ஸும் அக்கிலீஸும் இன்னொரு பக்கம் போகணும். அப்போது கிராஃப் ஸ்பீ தன் பெரிய பீரங்கிகளை எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பும். தெருவில் ஓடிப்பிடிச்சு விளையாடும்போது நீங்களும் இதைத்தான் செய்வீங்க!

அக்கிலீஸின் கொடிமரத்தில் நியூசிலாந்துக் கொடி ஏறியது. ஒரு கடல் போரில் அந்தக் கொடி பறந்தது அதுதான் முதல் தடவை.

கிராஃப் ஸ்பீ முதலில் எக்ஸிட்டரை அடித்தது. அது தீப்பிடித்துப் பாதி உடைந்துபோனது. அதற்குள் பாரி அக்கிலீஸை வளைத்து வளைத்து ஓட்டி, கிட்டே கொண்டுபோனார். நேராகப் போனால் எதிரி குறிவைத்துவிடுவான். அதனால் பாம்பு மாதிரி நெளிந்து போகணும். ஆனால் ரொம்ப நெளிந்தால் தன் பீரங்கிகளாலும் சரியாகச் சுட முடியாது. ஒவ்வொரு நிமிஷமும் கேப்டன் இதை யோசித்து முடிவு எடுக்கணும்.

சண்டை தொடங்கி இருபது நிமிஷம்கூட ஆகியிருக்கும், அவ்வளவுதான். ஒரு பெரிய குண்டு அக்கிலீஸின் பக்கத்தில் தண்ணீரில் விழுந்து வெடித்தது. கப்பல் மேல் படவில்லை. ஆனால் அதன் இரும்புத் துண்டுகள் பறந்து வந்தன. கப்பலின் உயரமான இடத்தில் ஒரு சின்ன அறை உண்டு. எங்கே சுட வேண்டும் என்று பீரங்கிகளுக்குச் சொல்வது அங்கிருந்துதான். இரும்புத் துண்டுகள் அந்த அறைக்குள் பாய்ந்தன. 4 மாலுமிகள் இறந்துபோனார்கள். அங்கே அதிகாரியாக இருந்தவர் ரிச்சர்ட் வாஷ்பர்ன், நியூசிலாந்துக்காரர். அவருக்குத் தலையில் அடி. ஆனாலும் அவர் எழுந்து வேலையைத் தொடர்ந்தார்.

கீழே பாலத்தில் நின்ற பாரிக்கும் அடிபட்டது. (கப்பலில் பாலம் என்றால் கேப்டன் நின்று கப்பலை நடத்தும் மேடை.) எங்கே அடி தெரியுமா? இரண்டு காலிலும்! அக்கிலீஸ் என்ற பெயர் கொண்ட கப்பலின் கேப்டனுக்குக் காலில் அடி. இது யாரும் கட்டிவிட்ட கதை இல்லை, நிஜமாகவே நடந்தது. அவர் பாலத்தை விட்டு இறங்கவில்லை. காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்து கப்பலை நடத்தினார்.

சுமார் 80 நிமிஷம் கடும் சண்டை. அக்கிலீஸ் மட்டும் 1200க்கு மேல் குண்டுகள் சுட்டது. கடைசியில் கிராஃப் ஸ்பீ திரும்பி ஓடியது. ஏஜாக்ஸும் அக்கிலீஸும் நாள் முழுக்க அதைப் பின்தொடர்ந்தன. இரவில் அது உருகுவே நாட்டின் மான்டிவிடியோ துறைமுகத்துக்குள் போய்விட்டது.

உருகுவே யார் பக்கமும் சேராத நாடு. அதனால் போர்க்கப்பல் அங்கே ரொம்ப நாள் தங்க முடியாது. 72 மணி நேரம் கொடுத்தார்கள். வெளியே பெரிய பெரிய பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து காத்திருக்கின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் அவை வெகு தூரத்தில் இருந்தன. அந்தப் பெரிய கப்பல்களில் ஒன்றின் பெயர் ரினவுன். இந்தப் பெயரை நினைவு வைத்திருங்க. லாங்ஸ்டார்ஃப் யோசித்தார். டிசம்பர் 17ஆம் தேதி தன் மாலுமிகளை எல்லாம் பத்திரமாக இறக்கிவிட்டு, தன் கப்பலைத் தானே வெடிவைத்து மூழ்கடித்தார்.

நாம் ஜெயித்தோம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அந்தக் காலைச் சண்டையில் எக்ஸிட்டரில் 61 பேர், ஏஜாக்ஸில் 7 பேர், அக்கிலீஸில் 4 பேர், கிராஃப் ஸ்பீயில் 36 பேர் இறந்தார்கள். கூட்டிப் பாருங்க.

குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு நாள்

1940 பிப்ரவரி 23. அக்கிலீஸ் ஆக்லாந்துக்குத் திரும்பி வந்தது. பாரியும் மாலுமிகளும் குயின் ஸ்ட்ரீட்டில் அணிவகுத்து நடந்தார்கள். அவர்களைப் பார்க்க சுமார் 1 லட்சம் பேர் வந்தார்கள். ஒரு லட்சம் என்றால் ஒன்றுக்குப் பின்னால் ஐந்து பூஜ்யம். அன்றைக்கு ஆக்லாந்து இப்போது மாதிரிப் பெரிய ஊர் இல்லை. நம்ம பக்குரங்கா வெறும் பண்ணை நிலம். மாடுகள்தான் அதிகம்! அப்படி இருந்தும் அவ்வளவு கூட்டம்.

செயின்ட் ஹெலியர்ஸ் பக்கத்து மேட்டுக்கு அக்கிலீஸ் முனை என்று பெயர் வைத்ததும் அந்தச் சமயத்தில்தான்.

பாரியின் கதையை எழுதுகிறவர்கள் பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். சண்டை முடிந்தது, கைதட்டல் முடிந்தது, கதையும் முடிந்தது. எனக்கு என்னவோ கதையின் ருசியான பகுதி இனிமேல்தான் என்று தோன்றுகிறது.

இரண்டு மாதம் கழித்து, 1940 மே 1ஆம் தேதி, பாரி நியூசிலாந்தின் கடற்படைத் தலைவர் ஆனார். அலுவலகம் வெலிங்டனில். கப்பலில் நின்றவர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். அடுத்த மாதமே ஒரு கெட்ட செய்தி. ஆக்லாந்தில் இருந்து கிளம்பிய நயாகரா என்ற பயணக் கப்பல், ஜூன் 19ஆம் தேதி கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. ஒரு ஜெர்மன் கப்பல் ரகசியமாக வந்து அந்த வெடிகளைக் கடலில் போட்டுவிட்டுப் போயிருந்தது. நல்லவேளை, ஒருவரும் சாகவில்லை. ஆனால் அந்தக் கப்பலில் யாருக்கும் தெரியாமல் 590 தங்கக் கட்டிகள் இருந்தன! அவ்வளவும் கடலுக்கு அடியில் போய்விட்டன. மறு வருஷம் முக்குளிப்பவர்கள் போய் 555 கட்டிகளை எடுத்துவிட்டார்கள்.

போர் எங்கேயோ தூரத்தில் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருந்தவர்களுக்கு, அது வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது என்று அன்றைக்குப் புரிந்தது. கடலில் இருக்கும் கண்ணிவெடிகளைத் தேடி அள்ள நிறைய சின்னக் கப்பல்கள் வேண்டும், பழக்கிய ஆட்கள் வேண்டும்.

அதுவரை நியூசிலாந்துக்குச் சொந்தமாகக் கடற்படை என்று பெயர் சொல்ல ஒன்று இல்லை. பிரிட்டிஷ் கடற்படையின் ஒரு பிரிவாகத்தான் இருந்தது. 1941 அக்டோபர் 1ஆம் தேதி அது தனிக் கடற்படை ஆனது, தனிப் பெயரும் வந்தது. அப்போது தலைவராக இருந்தவர் பாரி. அந்தப் பெயரைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்க: ஒன்று.

1942இல் அவர் நியூசிலாந்தை விட்டுப் போனார். 1943இல் ஒரு பெரிய போர்க்கப்பலுக்கு கேப்டன் ஆனார். எந்தக் கப்பல்? அதேதான், ரினவுன்! 1944இல் பிரான்ஸ் நாட்டின் நார்மண்டிக் கரையில் பெரிய படை இறங்கியது. முதலில் இறங்கியவர்களுக்குப் பின்னால் அடுத்த படையையும் பொருட்களையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் கப்பல் கூட்டத்துக்குப் பாரி தலைவர். 1945இல் போர் முடிந்தது. அப்புறம் கொஞ்ச காலம் ஜெர்மனியில் வேலை, கொஞ்ச காலம் லண்டனில் வேலை.

அக்கிலீஸுக்கு என்ன ஆச்சு? 1943 ஜனவரியில் பசிபிக் கடலில் ஜப்பான் விமானம் அதன் மேல் குண்டு போட்டது. 13 பேர் இறந்தார்கள். கப்பலைச் சரி செய்து மறுபடி கடலில் விட்டார்கள். போர் முடிந்ததும் 1946இல் நியூசிலாந்து அதைப் பிரிட்டனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது.

டெல்லி

இப்போது நாம் இந்தியாவுக்குப் போகிறோம். 1947 ஆகஸ்ட் 15ஆம் தேதி இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்தது. அதே நேரத்தில் பாகிஸ்தான் என்று இன்னொரு நாடும் உண்டானது. வீட்டைப் பிரித்தால் பாத்திரம் பண்டத்தையும் பிரிக்கணும் இல்லையா? கடற்படைக் கப்பல்களையும் பிரித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவுக்கு, ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு. இருந்தவை எல்லாம் சின்னக் கப்பல்கள்.

இன்னும் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. மூத்த அதிகாரிகள் இல்லை. ஏன்? பிரிட்டிஷ் ஆட்சியில் மாலுமி வேலைக்கு இந்தியர்களைச் சேர்த்தார்கள். ஆனால் அதிகாரி வேலையை வெகு காலம் கொடுக்கவில்லை. இந்தியக் கடற்படையில் ஓர் இந்தியர் முதல் முதலாக அதிகாரி ஆனதே 1928இல்தான். ஒரு கடற்படைத் தலைவர் உருவாக முப்பது வருஷம் ஆகும். கப்பல் நடத்தணும், பிறகு பல கப்பல்களை நடத்தணும், அதற்கும் பிறகுதான் முழுக் கடற்படை. 1928ஓடு முப்பதைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்க. விடை பின்னால் வரும்.

மாலுமிகளுக்குக் கோபமும் இருந்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மோசமான சாப்பாடு, குறைந்த சம்பளம், அவமானமான பேச்சு. இதையெல்லாம் எவ்வளவு நாள் பொறுப்பது? அது கராச்சி, கல்கத்தா, சென்னை என்று பல ஊர்களுக்கும் பரவியது.

இப்படிப்பட்ட ஒரு கடற்படைக்கு 1948 ஆகஸ்டில் தலைவராக வந்தார் பாரி. யோசித்துப் பாருங்க. நாடு சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் ஆகிவிட்டது. தலைவர் மட்டும் இன்னும் ஆங்கிலேயர்! நெஞ்சில் கொஞ்சம் முள் குத்தாமல் இருக்குமா? ஆனால் அந்த இடத்துக்கு வர அப்போது போதுமான அனுபவம் உள்ள இந்தியர் இல்லை. அது இந்தியர்களின் குறை இல்லை, அவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்காதவர்களின் குறை. பாரியின் வேலை இதுதான்: கப்பல்கள் சேர்க்கணும், அதிகாரிகளைப் பழக்கணும், பிறகு நாற்காலியைக் காலி பண்ணணும்.

அவர் வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. பிரிட்டனிடம் இருந்து இந்தியா வாங்கிய முதல் பெரிய போர்க்கப்பல் 1948 செப்டம்பரில் பம்பாய் வந்து சேர்ந்தது. அதன் புதுப் பெயர் டெல்லி. பழைய பெயர்?

சரியாச் சொன்னீங்க. அக்கிலீஸ்!

தன்னோடு காயப்பட்ட அதே கப்பல், உலகத்தின் இன்னொரு மூலையில், வேறு பெயரோடு, மறுபடி அவருடைய படைக்கு வந்துவிட்டது. இதை யாரும் முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்ததாகத் தோன்றவில்லை.

டெல்லி கப்பலை அங்கிருந்து கொண்டுவந்த கேப்டன் ஆங்கிலேயர். ஆனால் மாலுமிகள் இந்தியர்கள். கேப்டனுக்கு அடுத்த இடத்தில் இருந்த அதிகாரியும் இந்தியர்தான். அவர் பெயர் ராம் தாஸ் கட்டாரி. தமிழ்நாட்டின் செங்கல்பட்டில் 1911இல் பிறந்தவர். இந்தியப் பிள்ளைகளுக்குக் கப்பல் வேலை கற்றுத் தர பம்பாயில் டஃபரின் என்ற பயிற்சிக் கப்பல் 1927இல் தொடங்கியது. அதில் சேர்ந்த முதல் வகுப்பு மாணவர்களில் கட்டாரியும் ஒருவர். படித்து முடித்துக் கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றை அளக்கும் வேலை பார்த்தார். 1939இல் போர் வந்ததும் கடற்படையில் சேர்ந்தார். பாரி தென் அமெரிக்கக் கடலில் நின்ற அதே வருஷம்!

பாரி மூன்று வருஷத்துக்கு மேல் அந்தப் பதவியில் இருந்தார். 1949இல் ரஜபுத், ரஞ்சித், ராணா என்று மூன்று கப்பல்கள் வந்தன. இவை டெஸ்ட்ராயர் வகை, டெல்லியைவிடச் சின்னவை, வேகமானவை. கப்பல் வாங்குவதாவது பரவாயில்லை, பணம் இருந்தால் போதும். ஆட்களைப் பழக்குவதுதான் மெதுவான வேலை. டெல்லி போன்ற ஒரு பெரிய கப்பலில் என்ஜின், ரேடியோ, பீரங்கி, சமையல் என்று எத்தனையோ வேலை. ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சொல்லித் தர இன்னொரு ஆள் வேண்டும்.

1950 ஜனவரி 26ஆம் தேதி இந்தியா குடியரசு ஆனது. அன்றைக்குக் கடற்படையின் பெயரில் இருந்து ராயல் என்ற சொல் போய்விட்டது. ராயல் என்றால் ராஜாவுடையது. இனிமேல் ராஜா இல்லையே! சட்டையில், தொப்பியில் இருந்த கிரீடச் சின்னமும் போய், அசோகரின் சிங்கங்கள் வந்தன. அந்த மாற்றம் நடந்தபோதும் தலைவராக இருந்தவர் பாரிதான். நியூசிலாந்துக்கு ஒரு புதுப் பெயர் வந்தபோது இருந்தார், இந்தியாவுக்கு ஒரு புதுப் பெயர் வந்தபோதும் இருந்தார். இப்போது கணக்கு இரண்டு. ஒன்றில் ராயல் என்ற சொல் சேர்ந்தது, இன்னொன்றில் அதே சொல் நீங்கியது.

அதே 1950இல் பிரதமர் நேரு இந்தோனேசியாவுக்குப் போனார். அவரை ஏற்றிக்கொண்டு போனது டெல்லி கப்பல்.

1951 அக்டோபரில் பாரி பதவியை விட்டு இறங்கினார். அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு ஆங்கிலேயர்கள் தலைவர்களாக வந்தார்கள். பிறகு 1958 ஏப்ரல் 22ஆம் தேதி முதல் முதலாக ஓர் இந்தியர் இந்தியக் கடற்படையின் தலைவர் ஆனார். 1928ஓடு முப்பதைக் கூட்டி வைத்தீங்களே, விடை வந்துவிட்டதா? அந்த இந்தியர் வேறு யாரும் இல்லை, டெல்லி கப்பலில் வந்த செங்கல்பட்டு கட்டாரிதான். இங்கே நியூசிலாந்திலும் அதே மாதிரி ஒன்று நடந்தது. அன்றைக்குத் தலையில் அடிபட்டும் எழுந்து நின்றாரே வாஷ்பர்ன், அவர் 1963இல் நியூசிலாந்துக் கடற்படையின் தலைவர் ஆனார்.

கப்பல் நடித்த சினிமா

ரிவர் பிளேட் சண்டையைப் பற்றி 1956இல் ஓர் ஆங்கிலப் படம் வந்தது. அதில் அக்கிலீஸாக நடித்தது எது? டெல்லி கப்பலே தான்! தன் சின்ன வயது வேஷத்தைத் தானே போட்டுக்கொண்ட மாதிரி. பாரியாக ஒரு நடிகர் நடித்தார்.

1969இல் டெல்லி கப்பல் நியூசிலாந்துக்கு வந்தது. இப்போது அதில் பறந்தது இந்தியக் கொடி, வேலை செய்தவர்கள் இந்திய மாலுமிகள். 1939இல் அதே கப்பலில் சண்டை போட்டவர்கள் வயதாகிப் போய், அதைப் பார்க்க வந்தார்கள். படிகளும் கதவுகளும் அவர்களுக்குப் பழக்கம். யார் யாருக்குக் கப்பலைச் சுற்றிக் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறீங்க?

பாரி 1972 ஆகஸ்ட் 21ஆம் தேதி இறந்தார். வயது 79. அவருடைய கப்பல் அவரைவிட ஆறு வருஷம் அதிகமாக உழைத்தது. 1978 ஜூன் 30ஆம் தேதி பம்பாயில் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். பிறகு உடைத்துவிட்டார்கள். பழைய கப்பல்களுக்கு அதுதான் வழக்கம். ஆனால் உடைக்கும்போது பின்பக்கத்து டரெட்டை மட்டும் பத்திரமாகக் கழற்றி, இந்தியா அதை நியூசிலாந்துக்குப் பரிசாகக் கொடுத்தது.

டெவன்போர்ட் வாசலில் நிற்பது அதுதான். அடுத்த லீவில் அம்மா அப்பாவிடம் கேட்டுப் போய்ப் பாருங்க. பக்கத்தில் டார்பிடோ பேயில் கடற்படை அருங்காட்சியகமும் இருக்கிறது. டரெட்டின் இரும்பைத் தொட்டால் வெயில் நாளில் சுடும், மழை நாளில் சில்லென்று இருக்கும். ஆங்கிலத்தில் அக்கிலீஸ் என்று சொன்னார்கள், அப்புறம் தமிழ், மராத்தி, மலையாளம், பஞ்சாபி பேசுகிறவர்கள் எல்லாம் டெல்லி என்று சொன்னார்கள். பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது ஃபெரியின் வலது பக்கம் உட்காருங்க. அக்கிலீஸ் முனை இந்தத் தடவை அந்தப் பக்கம்தான் தெரியும்.